டேங்குக்குள் கனத்துப்போன குரல்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆற்காடு பக்கத்திலிருந்து புனேவுக்கு ரயிலேறியபோது மராட்டியும் தெரியாது, இந்தியும் தெரியாது. தேஹு ரோடு ராணுவ டிப்போவில் கூலிக்குப் பெட்டி தூக்கினேன். சிஞ்ச்வட்டில் ஒரு பட்டறையில் கண் வீங்க வீங்க வெல்டிங் கற்றேன். பத்துக்குப் பத்து தகரக் கொட்டகையில் சொந்தமாகத் தொழில் தொடங்கினேன். பின்னால் அதே சிஞ்ச்வட்டில் கிரேன் ஓடும் ஷெட் கட்டினேன். பால் பண்ணைகளுக்கும் மருந்து கம்பெனிகளுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் செய்வது என் வேலை. எனக்கு டிராயிங் போடத் தெரியாது. தரையில் சாக்பீஸால் வட்டம் போடுவேன். படித்த இன்ஜினியர் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு எடுத்து வந்தால், அது என் வட்டத்துக்குள் சரியாக உட்காரும். மராட்டிக்காரர், பீகாரி, நம் ஊர்க்காரர் என்று நாற்பது குடும்பத்துக்கு என் கையால் அடுப்பெரிந்தது. இரண்டு பிள்ளைகளை இன்ஜினியராக்கினேன். யாருடைய சிபாரிசும் இல்லாமல் செய்தேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இவ்வளவும் செய்தவனை, இரண்டாயிரத்துக்குப் பிறகு மகர்பட்டா பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு வியாழக்கிழமை மாலை, ஒரு பெண்ணின் பாட்டு நடுங்க வைத்தது.

எங்கள் பக்கத்தில் வியாழக்கிழமைதான் வார விடுமுறை. அன்று தொழிற்சாலைகளுக்குக் கரண்ட் கிடையாது. மற்ற நாளெல்லாம் கிரைண்டர் சத்தத்தில் அலறும் ஷெட், வியாழக்கிழமை பகலில் செத்தது மாதிரி கிடக்கும். வெயிலில் கூரைத் தகடு டப் டப்பென்று விரியும். வேறு சத்தம் இருக்காது. அந்த நாளைத்தான் அந்தப் பெண் கேட்டு வந்தாள்.

டிப்போவில் வேலை பார்த்த ஒரு தமிழரின் மகள். வெளிநாடு போய் மேல்நாட்டுச் சங்கீதம் படித்துவிட்டு வந்தவள். பாட்டு எழுதி மெட்டுப் போடுவது அவள் வேலை. தமிழ் தட்டுத்தடுமாறி வரும், நடுநடுவே இந்தி புகுந்துகொள்ளும்.

"அங்கிள், உங்க ஷெட்டை வியாழக்கிழமை மட்டும் எனக்குக் குடுப்பீங்களா? மிஷின் எல்லாம் பந்த் இருக்கும்ல, அப்போ."

"எதுக்குமா?"

"பாடறதுக்கு."

என் மேஸ்திரி பக்கத்தில் நின்றிருந்தார். எங்கள் ஊர்க்காரர், வாய் சும்மா இருக்காது. "ஏண்ணா, இந்த ஊர்ல பாடறதுக்கு ஹாலே இல்லியா? இரும்புத் தூள்ல வந்து இன்னாத்துக்குப் பாடறாங்க?"

"ஹால்ல பாடினா ஹால் சும்மா உக்காந்திருக்கும், மேஸ்திரி. இங்க ஷெட்டும் கூடப் பாடும்."

"அப்ப ஷெட்டுக்கும் சம்பளம் குடுக்கணும்," என்றார் மேஸ்திரி. அவள் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவள் செய்யப்போவதற்கு ஓபரா என்று பெயர். கதை முழுக்கப் பாட்டாகவே போகும், பேச்சு கிடையாது, மைக்கும் கிடையாது என்றாள். பழைய ஓபராவில் ராஜா ராணி கதை வருமாம். இவள் எழுதியது இந்தக் காலத்துக் கதை. கால்சென்டரில் ஒரு பெண் வேலை பார்க்கிறாள். வேறு பெயர் வைத்துக்கொண்டு, வேறு நாட்டு உச்சரிப்பில் வருஷக்கணக்காகப் பேசுகிறாள். ஒருநாள் வீட்டில் அம்மாவைக் கூப்பிட வாயைத் திறக்கிறாள், அவளுடைய சொந்தக் குரல் வரவில்லை. அதைத் தேடிக்கொண்டு ஒரு கிணற்றில் இறங்குகிறாள். அதுதான் கதை. கிணற்றுக்கு ஒரு டேங்க் வேண்டும் என்றாள்.

ஷெட்டில் இருந்த டேங்குகளையெல்லாம் விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டுக்கொண்டே போனாள். நானும் அப்படித்தான் தட்டுவேன், வெல்டிங்கில் விரிசல் இருந்தால் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். காது வேலையில் என்னை மிஞ்ச இன்றைக்கும் ஆளில்லை. அவள் கடைசியாக, பின்சுவர் ஓரம் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த டேங்கைத் தட்டினாள். தட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"இதான் அங்கிள். இதுக்குத்தான் குரல் இருக்கு."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

அந்த டேங்கின் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பால் பண்ணைக்காக அதைச் செய்தோம். ஆளுக்கு மேல் உயரம், தலையில் ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு வாய், அடியில் பால் வடிய ஒரு வால்வு. என்னிடம் ஒரு வெல்டர் இருந்தார், தேஹு ரோட்டில் குடியிருந்த நம் ஆள். டேங்குக்குள் குனிந்து வேலை செய்யும்போது பாடிக்கொண்டே செய்வார். உள்ளே எதிரொலி நன்றாக இருக்கும் என்பார். அன்றைக்கும் பாடினார். வெளியே இன்னொருவர் அதே டேங்கில் ஒரு குழாயை வெல்டு செய்துகொண்டிருந்தார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வெளியிலிருந்து வெல்டு செய்தால் உட்பக்கம் கருகும். கருகாமல் இருக்க உள்ளே ஆர்கான் என்ற வாயுவை விடுவோம், அவரும் விட்டிருந்தார். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. காற்றைவிடக் கனம். தண்ணீர் மாதிரி அடியில் தேங்கும். அதில் மூச்சு இழுத்தால் மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது, தூக்கம் வருவது போல ஆள் சாய்ந்துவிடுவான். அன்றைக்கு எங்களுக்கு இவ்வளவும் தெரியாது.

நான் அந்தப் பக்கமாக நடந்துபோனேன். உள்ளேயிருந்து வந்த பாட்டு வழக்கமான குரலில் இல்லை. அடித்தொண்டையிலிருந்து, கனமாக, வேறு யாரோ பாடுவது போல வந்தது. டேங்கில் கையால் ஒரு தட்டு தட்டி, "இன்னாடா, நேத்து போட்டது இன்னும் இறங்கலியா?" என்றேன். உள்ளே சிரித்த மாதிரி இருந்தது. வெளியே எனக்கு ஆர்டர் கொடுக்க ஒரு பார்ட்டி காத்திருந்தது, போய்விட்டேன். டீ வந்தபோது கூப்பிட்டார்கள். பதில் இல்லை.

சில நாள் கழித்து கேஸ் ஏஜென்சி ஆள் வந்து விளக்கம் சொன்னார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். ஆர்கானை இழுத்தவன் பேசினால் குரல் தடித்துக் கேட்கும் என்றார். அதை அவர் சொன்னபோது என் கையில் டீ கிளாஸ் இருந்தது. கீழே வைக்கவும் தோன்றவில்லை, குடிக்கவும் தோன்றவில்லை. குரல் மாறியதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். அப்போதே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆள் செத்த டேங்கில் பால் ஊற்ற மாட்டோம் என்று அந்தப் பண்ணைக்காரர்கள் எடுத்துப்போகவில்லை. எனக்கும் அதை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட மனசு வரவில்லை. தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். அதற்குப் பிறகு என் ஷெட்டில் ஒரு முறை கொண்டுவந்தேன். யாராவது டேங்குக்குள் இறங்கினால், வெளியே ஓர் ஆள் மரச் சுத்தியோடு நிற்க வேண்டும். அவ்வப்போது மூன்று தட்டு தட்டுவான். உள்ளே இருப்பவன் இரண்டு தட்டு திருப்பித் தட்ட வேண்டும். இந்த முறையைப் பக்கத்து ஷெட்காரர்கள் என்னைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

டேங்கில் நடந்ததை அந்தப் பெண்ணிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். ஊர் ஊராகப் பார்த்துவிட்டு வந்தவள் நான் செய்த டேங்குக்குத்தான் குரல் இருக்கிறது என்றுவிட்டாள். அந்தப் பெருமையில் வாயை மூடிக்கொண்டேன்.

ஒத்திகை தொடங்கியது. பாடியவள் ஒரு மராட்டிப் பெண், ஒல்லியாக, இருபத்தைந்து வயது இருக்கும். சாதாரணமாகப் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. பாட வாயைத் திறந்தால் கூரையில் இருக்கும் புறா பறந்துவிடும். டேங்கின் வாயில் ஏணி வைத்து இறங்கி, உள்ளே நின்று பாடுவாள். கடைசிப் பாட்டுக்கு வார்த்தையே கிடையாது, 'ஆ' என்று நீட்டும் வெறும் ஆகாரம். பாடிக்கொண்டே மெல்ல மெல்ல உட்கார வேண்டும். கிணற்றின் அடிக்குப் போகிறாளாம்.

மூன்றாவதோ நான்காவதோ வியாழக்கிழமை. உச்சி வெயில். கூரை ஓட்டைகள் வழியாக வெளிச்சம் குச்சி குச்சியாக நின்றது. அவள் ஒரு சுரத்தைப் பிடித்து நீட்டிவிட்டு நிறுத்தினாள். டேங்க் நிறுத்தவில்லை. அதே சுரம் இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே சுற்றிக்கொண்டே இருந்து, யாரோ நடந்து விலகிப் போவது போலத் தேய்ந்தது. அவள் ஏணியில் தலையை நீட்டி என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

"காகா, உள்ள வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று மராட்டியில் கேட்டாள். காகா என்றால் சித்தப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனக்கென்று ஒரு சுரம் இருக்கும், அதைத் தொட்டால் அது பதில் சொல்லும் என்று இசையமைத்த பெண் விளக்கினாள். மேஸ்திரி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய்த்தான் சாப்பிட்டார்.

ஒத்திகையைப் பார்க்க மகர்பட்டாவிலிருந்து கம்ப்யூட்டர் பையன்கள் நாலைந்து பேர் வருவார்கள். எண்ணெய் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார்கள். இத்தனை வசதி இருக்கிற பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஒருவனைக் கேட்டேன்.

"நாள் பூரா ஹெட்ஃபோன்தான் அங்கிள். எங்க அம்மா பேசறதுகூட ஸ்பீக்கர்லதான் வருது. இவங்க பாடறது இங்க வந்து இடிக்குது," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "நடுவுல வயரே இல்ல."

அதைக் கேட்டபிறகு நானும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பையன் சொன்னது சரி. பெட்டியில் வரும் பாட்டை நம் இஷ்டத்துக்குக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். இதில் அது நடக்காது. எதிரே ஓர் ஆள் மூச்சைச் செலவு பண்ணிப் பாடுகிறாள். அந்த மூச்சு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நமக்கும் தெரிகிறது. நாமும் கூடவே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு அதில் சுகமும் இருந்தது, பயமும் இருந்தது.

எங்கள் மூன்று தட்டு முறையைப் பார்த்துவிட்டு இசையமைத்த பெண் அதையும் ஓபராவில் சேர்த்தாள். கடைசியில் கிணற்றுக்கு வெளியே யாரோ மூன்று தட்டு தட்டுவார்கள். உள்ளேயிருந்து அவள் இரண்டு தட்டு தட்டினால் கதை முடிந்தது, குரல் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். தட்டுகிற வேடம் எனக்கு. வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று நானே கேட்டு வாங்கினேன்.

அரங்கேற்றத்துக்கு முதல் நாள், புதன்கிழமை. குரல் வெளியே நன்றாக வர டேங்கின் மேல்பக்கம் சங்கு மாதிரி ஒரு குழாய் வைக்க இசையமைத்த பெண் சொல்லியிருந்தாள். அதை நானே என் கையால் வெல்டு செய்தேன். உட்பக்கம் கருகக் கூடாது என்று அடி வால்வில் ஹோஸ் மாட்டி ஆர்கான் விட்டேன். அதே டேங்கில், அதே வாயு. கை நடுங்காமல் செய்தேன். கண்ணாடி மாதிரி வந்தது வெல்டு. முடிக்கும் நேரத்தில் பத்திரிகையிலிருந்து போட்டோ எடுக்க வந்திருந்தார்கள். "இதைக் கட்டினது யாரு, அவரைக் கூப்பிடுங்க," என்று வாசலில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. ரெகுலேட்டர் திருகை மூடினேன். சிலிண்டர் சாவியைத் திருகி மூடவில்லை. ஹோஸையும் கழற்றவில்லை. வெறும் ரெகுலேட்டரை நம்பி விட்டுப் போனால் கசியும் என்று புதிதாகச் சேரும் ஆளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பவன் நான். சட்டையை மாற்றிக்கொண்டு போட்டோவுக்குப் போய் நின்றேன்.

மறுநாள் காலை அலங்காரம் செய்தவர்கள் டேங்கைச் சுற்றிக் கிணறு போலத் தெரியக் கறுப்புத் துணி கட்டினார்கள். அடியில் இருந்த ஹோஸ் துணிக்குள் போய்விட்டது.

மாலை நான்கு மணிக்கு ஆரம்பம். நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எல்லா விளக்கும் வெயில்தான். நான்கு வயலின், ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய வயலின், ஒரு முரசு, என் ஆட்கள் மூன்று பேர் தகடு தட்ட. நான் வெள்ளைச் சட்டையில் மரச் சுத்தியோடு டேங்குக்குப் பக்கத்தில் நின்றேன். கிணற்றில் இறங்கும் கட்டம் வந்தது. அவள் ஏணியில் ஏறி, உள்ளே இறங்கினாள். தலை வாய்க்கு அருகில் இருந்தவரை குரல் கத்தி மாதிரி தெளிவாக வந்தது. பிறகு கடைசிப் பாட்டைத் தொடங்கினாள். உட்கார ஆரம்பித்தாள் என்பது குரல் இறங்குவதிலிருந்து தெரிந்தது.

ஒரு மூச்சு எடுத்தாள். அடுத்த ஆகாரம் வந்தது. அது அவள் குரல் இல்லை.

சுரம் அதேதான். குரலின் தோல் மாறியிருந்தது. தடித்து, அடித்தொண்டைக்குப் போய், பெண்ணா ஆணா என்று தெரியாமல் சங்குக் குழாய் வழியாக வந்தது. டேங்கும் அதோடு சேர்ந்து தாழ்ந்து முனகியது. முன்வரிசையில் ஓர் அம்மா கையில் மயிர்க்கூச்செறிந்ததை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். இசையமைத்த பெண் கையை உயர்த்தியபடி வாய் திறந்து நின்றாள், அவளுக்கும் இது புதிது. கிணற்றின் அடியில் தன் குரலைக் கண்டுபிடிக்கிறாள் என்பது கதை. எல்லோரும் இதுதான் அந்தக் குரல் என்று நினைத்தார்கள்.

எனக்கு அது யார் குரல் என்று தெரியும். பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் என் காதைவிட்டுப் போகாத குரல். அந்த வெல்டர் உள்ளே உட்கார்ந்து பாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். என்னை எதுவோ கேட்கிறார் என்று நினைத்தேன்.

இன்னொரு மூச்சு. இன்னொரு ஆகாரம், நடுவில் குழறியது. அப்போதும் நான் சும்மா நின்றேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன். நூறு பெரிய மனிதர்கள் முன்னால் நடுவில் புகுந்தால், படிக்காத முட்டாள் நல்ல கலையைக் கெடுத்துவிட்டான் என்பார்களே என்று ஓடியது புத்தி. முன்பு பார்ட்டி காத்திருக்கிறது என்று ஓடிய அதே புத்தி.

பாட்டு நின்றது. அந்த அமைதியையும் ரசித்தார்கள். யாரோ ஒருவர் கண்ணைத் துடைத்தார். என் முறை வர இன்னும் நேரம் இருந்தது. கை தானாகப் போய் டேங்கில் மூன்று தட்டு தட்டியது. இசையமைத்த பெண் திரும்பி, இப்போது இல்லை என்று தலையசைத்தாள். பதில் தட்டுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. மறுபடி மூன்று தட்டினேன். உள்ளே ஒன்றும் இல்லை.

"ஆர்கான்," என்று கத்தினேன். "மேஸ்திரி, கம்ப்ரசர் ஹோஸ் எடுத்துனு வா. யாரும் உள்ள இறங்காதீங்க."

கறுப்புத் துணியைக் கிழித்தேன். அடி வால்வில் நேற்று நான் மாட்டிய ஹோஸ் அப்படியே இருந்தது. கையை வைத்தால் நூலிழை அளவு குளிர்ச்சியாகக் கசிந்துகொண்டிருந்தது. பிடுங்கி எறிந்தேன். தேங்கியது அந்த வழியாக இறங்கட்டும் என்று வால்வை முழுசாகத் திறந்தேன். இதற்குள் இசையமைத்த பெண் ஏணியில் பாதி ஏறிவிட்டாள்.

"விடுங்க அங்கிள், அவ உள்ள இருக்கா."

"நீ இறங்குனா ரெண்டு பேரையும் தூக்கணும். நில்லுமா."

இடுப்பைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டேன். அந்த வயதிலும் உடம்பில் அவ்வளவு பலம் இருந்தது. கரண்ட் இல்லை என்றாலும் கம்ப்ரசர் உருளையில் புதன்கிழமை நிரப்பிய காற்று இருந்தது. ஹோஸை உள்ளே இருந்தவள் முகத்துக்கு நேராக இறக்கித் திறந்துவிட்டோம். சீறிக்கொண்டு போனது. நான் மூச்சைக் கட்டிக்கொண்டு வாயில் தலைகீழாகத் தொங்கினேன். மேஸ்திரி என் காலைப் பிடித்துக்கொண்டார். உள்ளே அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைச் சுவரில் சாய்த்து, தூங்குகிற குழந்தை மாதிரி இருந்தாள். அந்த வெல்டர் இருந்ததும் அப்படித்தான். மணிக்கட்டைப் பிடித்தேன். சூடாக இருந்தது. இழுத்தோம்.

தரையில் கிடத்தினோம். கூட்டத்தில் இருந்த ஒரு டாக்டர் மூச்சுக் கொடுத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கூரைத் தகடு டப் டப்பென்று சுருங்க ஆரம்பித்திருந்தது. பிறகு அவள் இருமினாள். கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது என்னை. தண்ணீர் கேட்பாள் என்று நினைத்தேன். நான் தட்டிய மரச் சுத்தியைப் பார்த்து, "காகா, நான் ரெண்டு தட்டு தட்டினேனே," என்றாள்.

எனக்குப் பதில் தட்டு கேட்கவில்லை. டாக்டர், மயக்கத்தில் அப்படித் தோன்றியிருக்கும் என்றார். மேஸ்திரி மட்டும், "எனக்குக் கேட்டுச்சுண்ணா," என்று சொல்லிவிட்டு, அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை.

அவள் இரண்டு நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டாள். ஒரு மாதத்தில் பாடவும் ஆரம்பித்தாள். சிலிண்டரை மூடாதது நான்தான் என்று அவளிடமும் இசையமைத்த பெண்ணிடமும் அன்றே சொன்னேன். அவர்கள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்கதானே காப்பாத்தினீங்க," என்றார்கள்.

அடுத்த வியாழக்கிழமை தேஹு ரோடுக்குப் போனேன். அந்த வெல்டரின் மனைவி மகனோடு இருந்தார். ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகும்போதே என்ன சொல்ல வேண்டும் என்று வரிசை கட்டி வைத்திருந்தேன். அவர் எதிரில் உட்கார்ந்ததும் வரிசை கலைந்துவிட்டது. குரல் மாறியதைக் கேட்டேன், விளையாட்டாகப் பேசிவிட்டு நடந்து போய்விட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அவர் கையில் வெண்டைக்காய் இருந்தது. நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும்ண்ணா."

"எப்படிமா?"

"அன்னிக்குக் காரியத்துக்கு வந்தவங்க சொன்னாங்க. குரல் கட்டிக்கினு பாடினு இருந்தான்னு நீங்களே யார்கிட்டயோ சொன்னீங்களாம்." அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. அவர் மேலும் கேட்டார். "அவரு பாடனத கடசியா கேட்டது நீங்கதான். இத்தினி வருஷமா கேக்கணும்னு நெனச்சினே இருந்தேன். இன்னா பாட்டு பாடினாரு?"

எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். குரல் அப்படியே இருக்கிறது. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் காதுக்குள் வரும். பாட்டு வரவில்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"தெரியலமா," என்றேன்.

"சரிண்ணா, டீ குடிச்சிட்டுப் போங்க," என்றார்.

அந்த ஓபரா இப்போது பல ஊரில் நடக்கிறது. வெளிநாட்டிலும் போட்டார்கள். டேங்கையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். கடைசிப் பாட்டில் அந்தப் பெண் வேண்டுமென்றே குரலைத் தடிக்க வைத்துப் பாடுகிறாளாம், அந்த இடத்துக்காகவே ஜனங்கள் திரும்பத் திரும்ப வருகிறார்களாம். அவர்கள் இங்கிலீஷில் அச்சடித்த நிகழ்ச்சிப் புத்தகம் ஒன்றை எனக்கு அனுப்பினார்கள். என் மருமகள் படித்துச் சொன்னாள். முதல் நாள் அரங்கேற்றத்தில் அந்தப் பழைய டேங்க் தானாகவே ஒரு குரல் கொடுத்தது என்றும், அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாராலும் விளக்க முடியவில்லை என்றும் போட்டிருக்கிறதாம். கீழே, இடம் கொடுத்து உதவிய தொழிற்சாலைக்கு நன்றி என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

அது விளங்காத குரல் இல்லை. நான் மூடாமல் விட்ட சிலிண்டரிலிருந்து வந்தது. என்னிடம் வேலை பார்த்தவர் அதே டேங்கில் இவர்கள் எல்லோருக்கும் முந்தி அந்தக் குரலில் பாடிவிட்டுப் போனார். உங்கள் பத்திரிகையின் இந்தப் பகுதியில் பெயர் போடாமல்தான் எழுத வேண்டும் என்கிறீர்கள், சரி. ஆனால் அந்தப் புத்தகத்தில், பாடியவர், மெட்டுப் போட்டவர், வயலின் வாசித்தவர் என்று எல்லோர் பெயரும் வருகிற பக்கத்தில், டேங்க் செய்தவன் என்று என் பெயர் வர வேண்டும். வாயுவைத் திறந்துவிட்டவன் என்றும் வர வேண்டும், குரலை அடையாளம் கண்டு ஆளைத் தூக்கியவன் என்றும் வர வேண்டும். இரண்டும் என் வேலை, ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள நான் சம்மதிக்க மாட்டேன். அந்த வெல்டரின் பெயரையும் போட்டு, அதற்குப் பக்கத்தில், அவர் பாடியதைக் கேட்டும் காது கொடுக்காமல் போனவன் என்று என் பெயரை எழுதட்டும். அந்த வரியைப் படிக்காமல் அந்தப் பாட்டைக் கேட்கிற எவரும், அதை இன்னும் முழுசாகக் கேட்கவில்லை.